நகராத வண்டி கடந்த தூரம்

'பைசிகிள்' என்ற சொல்லைப் பிரித்தால் கிடைப்பது இரண்டு சக்கரங்கள். பெயரிட்டவர்கள் வண்டியின் உறுப்பை எண்ணிப் பெயரிட்டார்கள். அதை அப்படியே ஏற்றுத் 'துவிச்சக்கர வண்டி' என்று நம்மவர் சிலரும் எழுதினர். ஈழத்தமிழில் இன்றும் அச்சொல் வழக்கில் இருக்கிறது. தமிழகத்திலோ 'மிதிவண்டி' நிலைத்தது. சக்கரத்தை விட்டுவிட்டுக் காலின் செயலைப் பிடித்துக்கொண்ட பெயர் அது. வகுப்பறையில் சொல்லாக்கம் பற்றிப் பேசும்போது ஓர் எடுத்துக்காட்டாகச் சொல்லிக் கடந்துவிடலாம்தான். ஆனால் சக்கரமிருந்தும் ஓரங்குலம்கூட நகராத மிதிவண்டிகள் வீட்டுக்குள் வந்துவிட்ட இந்நாளில், இவ்விரு பெயர்களில் எது பொருந்தி நிற்கிறது என்று எண்ணிப் பார்த்தால் சற்றே வியப்பாக இருக்கிறது.

காவிரிக் கரையில் வாழ்ந்துகொண்டு நெடுந்தூர மிதிவண்டிப் பயணத்தில் ஆர்வம் வைப்பவருக்கு ஐப்பசியும் கார்த்திகையும் சோதனையான மாதங்கள். அடைமழை. தை, மாசியில் மழை விட்டாலும் சம்பா அறுவடை வந்துவிடும். பல ஊர்களில் சாலையின் ஒரு பாதி நெற்களமாக மாறிவிடும். (சாலையில் நெல் காய வைப்பதைக் குறைசொல்வோர், களமில்லாத உழவன் வேறெங்கே போவான் என்பதையும் சேர்த்துச் சொன்னால் நலம்.) ஆகவே சிலர் வண்டியை வீட்டிற்குள் ஏற்றிவிடுகிறார்கள். பின்சக்கரத்தை ஓர் இரும்புத் தாங்கியில் பூட்டி, டயரை ஓர் உருளையோடு அழுத்தி நிறுத்துவது வழக்கம். காந்தத்தாலோ, விசிறியாலோ, எண்ணெயாலோ அவ்வுருளைக்குத் தடை உண்டாக்கப்படும். இதற்கு 'ட்ரெய்னர்' என்று பெயர். கைப்பிடியில் தீப்பெட்டி அளவில் ஒரு சிறு கருவி. வேகம், தூரம், நிமிடத்துக்கு எத்தனை மிதி, நெஞ்சு எத்தனை முறை துடித்தது என்பவற்றையெல்லாம் அது காட்டிக்கொண்டே இருக்கும். இதைப் 'பைக் கம்ப்யூட்டர்' என்கிறார்கள்.

பெயர் பெரிது. செய்கிற வேலையோ மிகச் சிறிது. எண்ணுவது மட்டுமே அதன் தொழில். சக்கரத்தின் கம்பியொன்றில் ஒரு காந்தத்துண்டைப் பொருத்துகிறோம். எதிரே முட்கவரில் ஒரு சிறு கண்ணாடிக் குழல். அதனுள் இரண்டு மெல்லிய உலோகத் தகடுகள். காந்தம் அருகில் வரும்போது அவை ஒட்டிக்கொள்ளும், விலகியதும் பிரிந்துவிடும். ஒருமுறை ஒட்டினால் ஒரு சுற்று. அந்தச் சுற்றைச் சக்கரத்தின் சுற்றளவால் பெருக்கினால் தூரம். தூரத்தை நேரத்தால் வகுத்தால் வேகம். சுற்றளவு எவ்வளவு என்று கருவிக்குத் தெரியாது, நாம்தான் சொல்லவேண்டும். நம் ஊரில் பால்காரரும் தபால்காரரும் ஓட்டிய 28 அங்குல வண்டியென்றால் சுற்றளவு ஏறத்தாழ 2.2 மீட்டர், 450 சுற்றுக்கு ஒரு கிலோமீட்டர் என்று மனக்கணக்காக வைத்துக்கொள்ளலாம். அந்த எண்ணைப் பத்து விழுக்காடு கூட்டிச் சொன்னால், நாம் போகாத தூரத்தில் பத்து விழுக்காட்டைக் கருவியும் தாராளமாகக் கூட்டித் தரும்!

இக்கருவியை வாங்கி வீட்டுப் பயிற்சிக்குப் பயன்படுத்தியவர்களுக்கு முதல் நாளில் ஓர் அனுபவம் நேர்வதுண்டு. வியர்வை வழிய அரைமணி மிதித்த பிறகும் திரையில் வேகம் சுழி, தூரம் சுழி. காரணம் எளிது. சாலைக்கென்று விற்கப்பட்ட கம்பியிணைப்புக் கருவிகளில் உணரி முன்சக்கரத்தில்தான் பொருத்தப்படும். ட்ரெய்னரில் சுழல்வதோ பின்சக்கரம். முன்சக்கரம் சும்மா நிற்கிறது. உணரியைப் பின்சக்கரத்துக்கு மாற்றினால் எண்கள் ஓடத் தொடங்கிவிடும். அப்படி ஓடத் தொடங்கும் எண்கள் எதைச் சொல்கின்றன என்பதே நம் கேள்வி.

சுற்றை எண்ணித் தூரம் காணும் முறை மிகப் பழையது. கிறிஸ்துவுக்கு முந்தைய முதல் நூற்றாண்டில் வாழ்ந்த ரோமானியக் கட்டடக்கலைஞர் விட்ருவியஸ் ஒரு வண்டியை விவரிக்கிறார். அதன் சக்கரம் 12½ அடி சுற்றளவுள்ளது. 400 சுற்றில் 5000 அடி, அதாவது ஒரு ரோமானிய மைல். மைலுக்கு ஒரு கூழாங்கல் வெண்கலப் பாத்திரத்தில் ஓசையோடு விழும். பழஞ்சீனத்திலும் இதுபோன்ற வண்டி இருந்தது. அங்கே கல்லுக்குப் பதில் ஒரு மரப்பொம்மை முரசடித்தது. கும்பினியாரின் நில அளவையாளர்கள் நம் சாலைகளில் 'பெராம்புலேட்டர்' என்ற அளவைச் சக்கரத்தை உருட்டிக்கொண்டு நடந்தார்கள். 1895ம் ஆண்டில் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு நகரத்துக் கர்ட்டிஸ் வீடர் என்பவர் மிதிவண்டிக்கான 'சைக்ளோமீட்டரை' விற்கத் தொடங்கினார். கம்பியில் கட்டிய ஒரு முளை, விண்மீன் வடிவப் பற்சக்கரத்தைச் சுற்றுக்கொருமுறை தட்டிவிட்டுப் போகும். கூழாங்கல், முரசு, முளை, காந்தம். மாறியவை இவ்வளவே.

சக்கரத்தை உருட்டாமலே தூரத்தை அளக்கலாம் என்று காட்டியவரும் தஞ்சைக்கு வந்திருக்கிறார். 1802ம் ஆண்டில் சென்னைப் பரங்கிமலையருகே அடிக்கோடு அளந்து தம் பெரும்பணியைத் தொடங்கிய வில்லியம் லாம்டன், முக்கோணங்களை அடுக்கிக் கோணங்களை அளந்தே தூரங்களைக் கணக்கிட்டவர். அதற்கு உயரமான இடங்கள் வேண்டும். காவிரிச் சமவெளியில் குன்று ஏது? தென்னை வேறு பார்வையை மறைக்கும். எனவே கோயில் கோபுரங்களின் மேல் ஏறினார். 1808ம் ஆண்டில் பெரிய கோயில் விமானத்தின் மேல் அரை டன் எடையுள்ள தியோடலைட்டை ஏற்றியபோது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி நசுங்கியது. லாம்டன் வேறு யாரையும் அருகில் விடாமல், கைவினைஞர் சிலரோடு அமர்ந்து வாரக்கணக்கில் அதைச் சீர்செய்தார். நின்ற இடத்தில் நின்றுகொண்டே நெடுந்தூரம் அளந்த மனிதர் அவர். அவர் அளந்த தூரம் மண்ணில் மெய்யாகவே இருந்தது என்பதுதான் இங்கே வேறுபாடு.

ட்ரெய்னரின் மேல் நிற்கும் வண்டிக்கு அப்படியொரு மண் இல்லை. உருளையை இறுக்கினால் அதே உழைப்புக்குப் 'பதினெட்டு கிலோமீட்டர்', தளர்த்தினால் 'இருபத்தைந்து கிலோமீட்டர்'. தஞ்சையிலிருந்து வல்லம் போனால் அந்தத் தூரம் யார் மிதித்தாலும் ஒன்றுதான். ட்ரெய்னரில் அது ஒரு திருகாணியின் கையில் இருக்கிறது. ஆயினும் திரை தயங்குவதில்லை. இரண்டு தசம இடம் வரை காட்டும்!

இத்தகைய நுட்பத்தை நாம் முன்பே பார்த்திருக்கிறோம். முதலாம் இராஜராஜர் கி.பி. 1001ஐ ஒட்டி நிலமளக்கச் செய்தார். அக்காலக் கல்வெட்டுகளில் முந்திரி என்றால் 1/320. கீழ் முந்திரி என்றால் அதில் மீண்டும் 1/320, அதாவது 1/1,02,400. இப்படிக் கீழே கீழே இறங்கி, ஒரு வேலியில் 5242 கோடியே 88 லட்சத்தில் ஒரு பங்கு வரை கணக்கு போகிறது என்று கல்வெட்டறிஞர்கள் காட்டியிருக்கிறார்கள். வேலியை 6.67 ஏக்கர் என்று கொண்டு நாமே வகுத்துப் பார்த்தால், அந்தத் துண்டு ஏறத்தாழ அரைச் சதுர மில்லிமீட்டர். ஒரு நெல்மணியைக்கூட அதில் கிடத்த முடியாது. எந்தக் கோலும் அதை அளந்திருக்காது. வரிக்கணக்கை மிச்சமின்றிப் பகுக்கும்போது ஏட்டில் பிறந்த எண் அது. சோழர் நுட்பத்துக்குச் சான்றாக மேடைகளில் இதை முழங்குகிறார்கள். கணக்கர்களின் நுட்பத்துக்குச் சான்று என்பதில் ஐயமில்லை. மண்ணை அளந்த நுட்பம் என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை.

அப்படியானால் நகராத வண்டியில் உண்மையாக அளக்கத்தக்கது எது? உழைப்பு ஒன்றே. இதை முதலில் உணர்ந்தவர்கள் மிதிவண்டிக்காரர்கள் அல்லர், உடலியல் அறிஞர்கள். 1913ம் ஆண்டில் கோபன்ஹேகனில் ஆகஸ்ட் குரோகும், அமெரிக்காவில் பெனடிக்ட், காத்கார்ட் இருவரும், நிலையாகப் பூட்டிய மிதிகருவியில் மனிதரை அமர்த்தி, அவர் செய்யும் வேலையையும் விடும் மூச்சையும் சேர்த்து அளந்து நூலும் கட்டுரையும் வெளியிட்டார்கள். அங்கே கிலோமீட்டர் என்ற பேச்சே இல்லை. 1986ம் ஆண்டில் உல்ரிக் ஷோபரர் என்ற ஜெர்மானியப் பொறியாளர், மிதி சுழலும் இடத்திலேயே உலோகம் எவ்வளவு நுண்ணிதாக வளைகிறது என்பதை உணர்ந்து, மிதிப்பவரின் திறனை 'வாட்' கணக்கில் சொல்லும் கருவியைச் செய்தார். இன்று வீட்டுப் பயிற்சி செய்வோர் வேகத்தைப் பார்ப்பதைக் குறைத்துக்கொண்டு வாட்டைப் பார்க்கிறார்கள். சக்கரத்தை விட்டு மிதிக்கு வந்துவிட்டார்கள் என்று சொல்லலாம்.

இருந்த இடத்தை விட்டு நகராமல் மிதித்து, அந்த மிதிக்குக் கணக்கும் வைத்த ஒரு தொழில் நம்மிடம் இருந்தது. அது ஏற்றம்.

இளைய வாசகர்களுக்காகச் சற்று விளக்குவோம். கிணற்றருகே நட்ட கால்களின் மேல், தராசுக்கோல் போல ஒரு நெடிய மரம். அதன் பெயர் துலா. துலாவின் ஒரு முனையிலிருந்து தொங்கும் கழியில் நீர்மொள்ளும் சால். ஒருவரோ இருவரோ துலாவின் மேல் ஏறி, பக்கத்தில் கட்டிய மூங்கிலைப் பிடித்துக்கொண்டு முன்னும் பின்னும் நடப்பார்கள். கிணற்றுப் பக்கம் நடந்தால் சால் இறங்கும். திரும்பி நடந்தால் நிறைந்த சால் ஏறும். கீழே நிற்பவர் சாலைப் பிடித்து வாய்க்காலில் கவிழ்ப்பார். ஐரோப்பியர் இதைப் 'பிக்கோட்டா' என்று எழுதினார்கள். போர்ச்சுகீசியச் சொல்லிலிருந்து வந்தது என்பர். காலையில் ஏறியவர் உச்சிப்பொழுதில் இறங்கும்போது காதக்கணக்கில் நடந்திருப்பார். நின்ற இடமோ மாறியிராது.

ஏற்றத்துக்குக் காவிரி நாட்டில் எந்த அளவு இடமிருந்தது என்று ஒரு கேள்வி எழலாம். நியாயமான கேள்வி. சிலப்பதிகாரத்தின் நாடுகாண் காதையில், ஏற்றம் முதலான நீரிறைக்கும் கருவிகளின் ஒலிகளை அடுக்கிச் சொல்லி, இந்த ஒலிகள் கேட்காத வயல்கள் என்று சோழநாட்டை இளங்கோவடிகள் புகழ்கிறார். ஆறே வந்து பாயும்போது இறைக்க வேண்டிய தேவை என்ன? மருத வளத்தை மௌனத்தால் காட்டிய இடம் அது. ஆனால் வாய்க்கால் எட்டாத மேட்டுப்பாங்கான நிலங்களும், தண்ணீர் வந்து சேராத கடைமடைகளும் இங்கும் உண்டு. கொல்லைக் காய்கறிக்கும் நாற்றங்காலுக்கும் கிணறு வேண்டியிருந்தது. 1934ம் ஆண்டில் மேட்டூர் அணை கட்டிமுடிந்து கல்லணைக் கால்வாய் ஓடிய பிறகே பட்டுக்கோட்டை, ஒரத்தநாட்டுப் பக்கம் ஆற்றுநீர் பரவலாகப் போனது. இன்று ஏற்றத்தின் ஒலி எங்குமே இல்லை. இந்த மௌனத்துக்குக் காரணம் ஆறன்று, மோட்டார்.

ஏற்றப்பாட்டைப் பற்றி நம் இலக்கிய உலகம் பேசும்போதெல்லாம் கம்பர் கதைதான் வரும். தேரழுந்தூரில் பிறந்த கவிச்சக்கரவர்த்தி, மாலையில் ஏற்றம் இறைப்பவன் பாடிய ஓர் அடியைக் கேட்டாராம். அடுத்த அடியைப் பாடாமலே அவன் இறங்கிப் போய்விட்டானாம். அதற்கு மேல் என்ன வரும் என்று இரவெல்லாம் எண்ணித் தோற்று, மறுநாள் காலை காத்திருந்து கேட்டு வியந்தாராம். ஏட்டுக்கவிதையை நாட்டுக்கவிதை வென்ற கதையாகவே இதைச் சொல்வார்கள். 'ஏற்றப்பாட்டுக்கு எதிர்ப்பாட்டு இல்லை' என்ற பழமொழியும் உடன்வரும். நமக்கோ அக்கதையில் வேறொன்று படுகிறது. அவன் ஏன் நடுவில் நிறுத்தினான்? கம்பரைச் சோதிக்க அல்லவே! அன்றைய நீர் போதுமென்று ஆயிற்று, பாட்டும் நின்றது. சாலுக்கோர் அடியென்று கட்டப்பட்ட பாட்டு அது. கடைசிச் சால் எங்கே கவிழ்கிறதோ அங்கே பாட்டு அறுபடும். கவிதை நிறைந்ததா இல்லையா என்பது கிணற்றுக்கு ஒரு பொருட்டே அன்று.

ஏற்றப்பாட்டில் எண்கள் அடிகளோடு கோக்கப்பட்டு வரும். பிள்ளையாரைத் தொழுது தொடங்கி, ஒன்று, இரண்டு என்று சால்தோறும் ஏறும். களைப்பை மறக்கப் பாடினார்கள் என்பது பாதி உண்மைதான். எண்ணிக்கை தவறாதிருக்கவும் பாடினார்கள். கிணறு பங்காளிகளுக்குப் பொதுவென்றால் ஒருவர் முறைக்கு எத்தனை சால் என்பது வழக்குக்குரிய செய்தி. துலாவில் மிதிப்பவர், கீழே சால் பிடிப்பவர், வாய்க்கால் மடைபார்ப்பவர், பக்கத்து வயல்காரர் என எல்லாக் காதிலும் அந்த எண் விழுந்தது. ஒருவர் கூட்டவோ குறைக்கவோ முடியாது. எண்ணும் பொறுப்பு உழைப்பவரின் வாயிலேயே இருந்தது என்பதை நாம் அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். ஏனெனில் இதே மண்ணில் கூலி நெல்லை அளந்த மரக்கால் அவர் கையில் இருக்கவில்லை. நெற்கூலியை உயர்த்தக் கேட்டு எழுந்த போராட்டம் எங்கே போய் முடிந்தது என்பதை, 1968ம் ஆண்டு டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் ஒரு குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்ட 44 உயிர்களைக் கொண்டு அறிகிறோம். அளவு யார் கையில் என்பது கீழத்தஞ்சையில் ஏட்டுக் கேள்வியாக இருந்ததே இல்லை.

ஏற்றத்தை வாட்டில் சொன்னால் எவ்வளவு? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். சால் 20 லிட்டர் கொள்வதாகவும், நீர்மட்டம் 5 மீட்டர் ஆழத்தில் இருப்பதாகவும் வைத்துக்கொள்வோம். ஒரு சாலை ஏற்ற வேண்டிய வேலை 980 ஜூல். நிமிடத்துக்கு 5 சால் என்றால் 4900. அறுபதால் வகுத்தால் 82 வாட்டுக்கு மிக அருகில் வருகிறது. உராய்வில் போவது தனி. வீட்டு ட்ரெய்னரில் புதிதாக அமர்பவர் ஒருமணி நேரம் திணறாமல் மிதிக்கும் அளவும் ஏறத்தாழ இந்த வட்டாரத்தில்தான் இருக்கும். மனித உடல் ஒன்றுதானே! ட்ரெய்னரில் அந்த 82 வாட் உருளையைச் சூடாக்கிவிட்டு அறைக்குள் மறைகிறது. அங்கே 300 சாலுக்கு, ஒருமணி நேரத்தில் 6000 லிட்டர் நீர் வாய்க்காலில் ஓடியிருக்கும்.

மிதிப்பின் வரலாற்றில் ஓர் இருண்ட பக்கமும் உண்டு. 1818ம் ஆண்டில் இங்கிலாந்தின் வில்லியம் கியூபிட் சிறைக்கைதிகளுக்காக மிதிசக்கரம் அமைத்தார். படிபடியாக ஏறிக்கொண்டே இருக்கவேண்டும், படி இறங்கிக்கொண்டே இருக்கும். நாளுக்கு இத்தனை ஆயிரம் அடி ஏறவேண்டும் என்று சிறைகள் விதித்தன. அங்கே எண்ணியவர் காவலர். இன்று உடற்பயிற்சிக் கூடங்களில் பணம் கட்டி ஏறும் 'ட்ரெட்மில்' அந்தச் சிறைச்சக்கரத்தின் பெயரைத்தான் சுமக்கிறது.

இன்றைய உணரிகளில் கம்பி இல்லை. எண்ணிக்கை காற்றில் போகிறது. ட்ரெய்னரில் மிதிப்பவர்கள் திரையில் தெரியும் கற்பனைச் சாலையில் ஒருவரோடொருவர் போட்டியிடுகிறார்கள். ஊரடங்கு நாட்களில், 2020 ஜூலையில், டூர் டி பிரான்ஸ் போட்டியின் மெய்நிகர் வடிவமே இவ்வாறு வீடுகளிலிருந்து நடத்தப்பட்டது. மேட்டில் யார் முந்துவார் என்பதை வாட்டும் உடலெடையும் தீர்மானிக்கும். எடையைத் தட்டச்சிடுபவரோ போட்டியாளரே! 2019ம் ஆண்டில் பிரிட்டனின் முதல் இணையவழி மிதிவண்டிச் சாம்பியனின் பட்டம் பறிக்கப்பட்டது. கற்பனை உலகின் உயர்ந்த வண்டியொன்றைப் பெறுவதற்காக, அவருக்குப் பதிலாக ஒரு மென்பொருள் மிதித்திருந்தது என்பது குற்றச்சாட்டு. யாரும் மிதிக்காமலே எண் ஏறியிருக்கிறது. ஏற்றத்தில் இது நடவாது. பாட்டு மட்டும் ஓடி வாய்க்கால் காய்ந்திருந்தால் ஊர் சிரித்துவிடும்.

ஊர் சாட்சியாக மிதித்த இன்னொருவரையும் இங்கே நினைவுகூரத்தான் வேண்டும். நம்மில் நாற்பதைக் கடந்த பலரும் பார்த்திருப்போம். கோயில் திடலிலோ பள்ளி மைதானத்திலோ நடுவில் ஒரு கம்பம், ஒலிபெருக்கி, குழல்விளக்கு. ஒருவர் கீழே கால் ஊன்றாமல் ஐந்து நாள், ஏழு நாள் என்று வட்டமாகச் சைக்கிள் ஓட்டிக்கொண்டே இருப்பார். வண்டியின் மேலேயே குளிப்பார், சட்டை மாற்றுவார், சாப்பிடுவார். இரவில் ஆட்டபாட்டம் நடக்கும். சட்டையில் ரூபாய் நோட்டைக் குத்துவார்கள். அவரும் ஒருவகையில் எங்கும் போகாதவர்தான். அவர் எத்தனை கிலோமீட்டர் ஓட்டினார் என்று யாரும் கேட்டதில்லை. நாளைத்தான் எண்ணினார்கள். கால் ஊன்றவில்லை என்பதற்கு, நள்ளிரவில் தூக்கம் வராமல் வந்து எட்டிப் பார்த்த கிழவர்களே சாட்சி. தொலைக்காட்சி வீட்டுக்கு வீடு வந்தபின் அவர்கள் அருகிப் போனார்கள்.

இக்கட்டுரைக்காகக் குறிப்பெடுத்தபோது ஒரு சிறு ஐயம் எழுந்தது; அது இன்னும் தீரவில்லை. களத்தில் நெல் அளக்கும்போது முதல் மரக்காலை 'ஒன்று' என்று சொல்வதில்லை, 'லாபம்' என்று சொல்லித்தான் தொடங்குவார்கள். அடுத்தது இரண்டு. ஏற்றத்தில் முதல் சாலுக்கு என்ன சொன்னார்கள்? பிள்ளையார் துதி பாடும்போதே கவிழ்த்த சால்கள் கணக்கில் சேர்ந்தனவா, அல்லது அவை சாமிக்கா? துலாவில் ஏறி மிதித்தவர்கள் சிலர் எண்பதைக் கடந்து இன்னும் நம் ஊர்களில் இருக்கிறார்கள். வாசகர்கள் தத்தம் ஊரில் அவர்களைக் கண்டால் பாட்டை மட்டும் கேட்டு எழுதிக்கொண்டு வந்துவிடாமல், எண்ணிக்கை எந்தச் சாலில் தொடங்கியது என்பதையும் கேட்டு எழுதிவைக்க வேண்டுகிறோம்.